மீகாமனின் குறிப்பேடும் பதிப்பாளரின் பேரேடும்

கவிஞனுக்குக் கணக்கு வராது என்று சொல்லிக்கொள்வதில் எழுத்துலகில் ஒரு சிறு பெருமிதம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. சொந்தச் செலவில் நூல் வெளியிடுவோர் நம்மிடையே பலர். நகையை அடகு வைத்தும், சேமநிதியில் முன்பணம் எடுத்தும் 500 படிகளோ 1,000 படிகளோ அச்சிடுகிறோம். வெளியீட்டு விழா முடிந்து ஓராண்டு சென்றபின், பைண்டிங் முடிந்து வந்த படிகள் எத்தனை, அன்பளிப்பாகப் போனவை எத்தனை, எந்தக் கடையில் எத்தனை படிகளுக்குப் பணம் வரவேண்டும் என்று எவரேனும் வினவினால் விடை கூற இயல்வதில்லை. பரணில் கட்டுக் கட்டாகப் புத்தகம் இருப்பது மட்டுமே தெரிகிறது. கணக்கெழுதாமை கலைஞனின் இயல்பு என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம்.

இந்தத் தேறுதல் எவ்வளவு விலையுள்ளது என்பதை உணர்த்தும் வாழ்வு ஒன்று உண்டு. தம் நூல்களைத் தாமே வெளியிட்டு, எழுத்தால் ஈட்டக்கூடிய உச்சத்தை எட்டி, பின் அனைத்தையும் இழந்து, அறுபதாம் அகவையில் உலகைச் சுற்றிப் பேசிக் கடன் தீர்த்தவரின் வாழ்வு அது. உலகம் அவரை நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் என்று அறியும்.

ஆற்றில் கற்ற பாடம்

சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமன்ஸ் என்னும் இயற்பெயருடைய அவர் 1835 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஃபுளோரிடா என்ற சிற்றூரில் பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹானிபல் நகரில் வளர்ந்தார். தந்தை 1847இல் மறைந்தார். டென்னசி மாநிலத்தில் அவர் வாங்கிப் போட்டிருந்த பெருநிலம் என்றேனும் குடும்பத்தைச் செல்வமாக்கும் என்ற நம்பிக்கை ஒன்றே பிள்ளைகளுக்கு வந்த சொத்து. அந்நிலம் எவரையும் வாழவைக்கவில்லை. ஆயினும் வரப்போகும் செல்வத்தை வந்துவிட்ட செல்வமாக எண்ணும் பழக்கம் மகனிடம் கடைசிவரை தங்கிவிட்டது.

சிறுவயதிலேயே அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குச் சென்றார். 1857இல் நீராவிக் கப்பலின் மீகாமன் ஹொரேஸ் பிக்ஸ்பியிடம் 500 டாலர் கட்டணத்துக்கு மாணவராகச் சேர்ந்தார். ஆற்றின் வளைவுகளையும் மணல்திட்டுகளையும் ஆசான் ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார். மறுநாள் கேட்டபோது மாணவருக்கு ஒன்றும் நினைவில்லை. சினந்த ஆசான், உடனே ஒரு குறிப்பேடு வாங்கு, நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள் என்று பணித்தார். மாணவர் அவ்வாறே செய்தார்.

குறிப்பேடு நிரம்பியது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. நான்கு மணி நேரம் பணி, நான்கு மணி நேரம் ஓய்வு என்பது கப்பல் முறை. ஆகவே அவர் உறங்கிய ஒவ்வொரு நான்கு மணி நேரத்துக்கும் குறிப்பேட்டில் இடைவெளி விழுந்தது. கப்பல் கடந்து போன அந்த ஆற்றுப்பகுதிகள் அவருக்குத் தெரியாதவையாகவே இருந்தன. தம் மிசிசிப்பி நூலில் இதனை அவரே நகைச்சுவையோடு பதிவு செய்திருக்கிறார். அவர் பிற்கால வாழ்வுக்கே இது பொருந்தும் என்பதை அப்போது யார் அறிவார்?

1859இல் உரிமம் பெற்ற மீகாமனானார். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டு ஆற்றுப் போக்குவரத்து முடங்கியதும் மேற்கே சென்று செய்தியாளரானார். 1863இல் மார்க் ட்வெய்ன் என்ற புனைபெயரைச் சூடினார். கப்பலின் முன்னணியத்தில் நிற்பவன் கயிறு விட்டு ஆழம் பார்த்து, இரண்டு பாகம் ஆழம், அதாவது 12 அடி இருக்கிறது, அஞ்சாமல் செலுத்தலாம் என்று அறிவிக்கும் கூவலே அப்பெயர். அளந்து பார்த்தபின் செல்வது என்ற பொருளைப் பெயராகவே கொண்டவர் அவர்.

ஏழரை விழுக்காடு

1869இல் வெளிவந்த பயண நூலால் அவர் புகழ் பெற்றார். ஹார்ட்ஃபோர்டு நகரின் அமெரிக்கன் பப்ளிஷிங் கம்பெனி அதனை முன்பதிவு முறையில் விற்றது. முகவர்கள் மாதிரிப் பக்கங்களோடு வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்குவர். நூல் அச்சானதும் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் பெறுவர். நம் நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் கையொப்பம் சேர்த்ததை இது நமக்கு நினைவூட்டும்.

முதல் நூலுக்கு அவருக்குக் கிடைத்த பங்கு ஐந்து விழுக்காடு. 1872இல் வந்த அடுத்த பயண நூலுக்கு ஏழரை விழுக்காடு. ஏழரை என்றாலே நம்மவர் அஞ்சுவர். அவரோ அது நிகர ஆதாயத்தில் சரிபாதிக்குச் சமம் என்று பதிப்பாளர் எலிஷா பிளிஸ் கூறியதை நம்பினார். நம்பியவர் அச்சுச் செலவு எவ்வளவு, காகிதம் எவ்வளவு, முகவர் கழிவு எவ்வளவு என்ற கணக்கைப் பார்க்கவில்லை.

1880இல் பிளிஸ் மறைந்தார். அவ்வாண்டு வெளியான நூலுக்கு ஆதாயத்தில் பாதி என்றே ஒப்பந்தம் இருந்ததால், கணக்கறிக்கை முதன்முறையாக அவர் கைக்கு வந்தது. பார்த்தபின்தான் ஏழரைக்கும் பாதிக்கும் உள்ள தொலைவு புரிந்தது. கடந்த ஆண்டுகளில் தமக்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 60,000 டாலர் என்று அவர் மதிப்பிட்டார். அம்மதிப்பு மிகையாகவும் இருக்கலாம். ஆனால் பத்தாண்டுக் காலம் கேட்டிருக்கக்கூடிய ஒரு தாளை அவர் கேட்காதிருந்தார் என்பதில் ஐயமில்லை.

சொந்தப் பதிப்பகம்

இனி என் நூலுக்கு நானே முதலாளி என்று முடிவு செய்தார். 1881லும் 1883லும் வந்த நூல்களைத் தம் செலவில் அச்சிட்டு, விற்றுத் தருவதற்கு மட்டும் பாஸ்டன் பதிப்பாளர் ஆஸ்குட்டுக்குக் கழிவு கொடுத்தார். அதிலும் நிறைவில்லை. 1884இல் நியூயார்க்கில் சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். தமக்கையின் மகளை மணந்த சார்லஸ் வெப்ஸ்டரை நிருவாகியாக்கி, அவர் பெயரையே பதிப்பகத்துக்கும் இட்டார். முதல் வெளியீடு, 1885 பிப்ரவரியில் அமெரிக்காவில் வந்த ஹக்கிள்பெரி ஃபின்.

அந்த ஒரு நூலைப் பொறுத்தவரை அவர் மீகாமனாகவே நடந்துகொண்டார். 40,000 முன்பதிவுகள் சேரும்வரை நூலை வெளியிடக்கூடாது என்று கட்டளையிட்டார். படத்தகடு ஒன்றில் யாரோ செய்த குறும்பால் ஒரு பக்கத்தையே மாற்ற நேர்ந்து, கிறித்துமஸ் விற்பனையும் தவறிற்று. ஆயினும் பதிவுகளின் எண்ணிக்கை தெரிந்திருந்தமையால் துணிந்து காத்திருக்க முடிந்தது. ஆழம் அளந்து செலுத்திய கப்பல் அது.

தளபதியின் கையொப்பம்

அடுத்து வந்த வெற்றி அவர் கண்களை மறைத்தது. உள்நாட்டுப் போரின் வெற்றித் தளபதியும் முன்னாள் குடியரசுத் தலைவருமான யுலிசீஸ் கிராண்ட், பெர்டினண்ட் வார்டு என்னும் இளைஞனோடு நிதி நிறுவனம் ஒன்றில் பங்குதாரராக இருந்தார். கணக்கை வார்டு பார்த்துக்கொண்டான். நீட்டிய தாள்களில் தளபதி கையொப்பமிட்டார். 1884 மே மாதத்தில் அந்நிறுவனம் சரிந்தது. ஏட்டிலிருந்த செல்வமெல்லாம் பொய். உலகப் புகழ் பெற்ற மனிதர் கையில் காசின்றி நின்றார். சில மாதங்களில் தொண்டையில் புற்றுநோயும் கண்டது.

குடும்பத்துக்கு ஏதேனும் விட்டுச் செல்ல எண்ணி அவர் தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார். ஓர் இதழ் நிறுவனம் அவருக்குப் பத்து விழுக்காடு தர முன்வந்திருந்தது. மார்க் ட்வெய்ன் குறுக்கிட்டு, நிகர ஆதாயத்தில் எழுபது விழுக்காடு தருவதாக ஒப்பந்தம் செய்தார். வலியோடு போராடி எழுதி முடித்த சில நாள்களில், 1885 ஜூலை 23 அன்று தளபதி மறைந்தார். இரு தொகுதிகள் கொண்ட அந்நூல் 3,00,000 பிரதித் தொகைக்கு மேல் விற்றது. 1886 பிப்ரவரியில் கிராண்டின் துணைவியாருக்குப் பதிப்பகம் கொடுத்த ஒரே காசோலை 2,00,000 டாலர். அவருக்குச் சேர்ந்த மொத்தத் தொகை 4,00,000 டாலருக்கும் மேல்.

எழுத்தாளர் ஒருவர் பிறிதோர் எழுத்தாளருக்கு இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டதற்கு இலக்கிய உலகில் இணை காண்பது அரிது. ஆனால் இதில் ஒரு முரண் உண்டு. படிக்காமல் கையொப்பமிட்டவர் எவ்வாறு வீழ்வார் என்பதை மார்க் ட்வெய்ன் அருகிலிருந்து கண்டார். கண்டதைத் தம் பதிப்பகத்துக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

பேரேட்டில் விழுந்த இடைவெளி

1887இல் பதிப்பகத்தின் கணக்கர் பணத்தைக் கையாடியது தெரியவந்தது. தொகை ஏறத்தாழ 25,000 டாலர். கணக்கர் சிறை சென்றார். பணத்தின் பெரும்பகுதி திரும்பவில்லை. முதலாளியோ நிருவாகியோ மாதம் ஒருமுறை பேரேட்டையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டிருந்தால் அத்தொகை அவ்வளவு வளர்ந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது. தெரிந்து தெளிதலுக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்ததை நாம் அறிவோம். ஆராயாமல் நம்புவதில் மட்டுமன்று, நம்பியபின் பாராதிருப்பதிலும் கேடு உண்டு.

எழுதும் பழக்கம் அவரிடம் இல்லாமலில்லை. வாழ்நாள் முழுதும் குறிப்பேடுகள் வைத்திருந்தவர் அவர். கதைக் கருக்கள், கேட்ட சொற்கள், புதிய பொறிகள் பற்றிய எண்ணங்கள் யாவும் அவற்றில் உண்டு. துண்டுத் தாள்களை ஒட்டிச் சேர்த்து வைக்க, பசை முன்னரே பூசிய ஏடு ஒன்றைக் கண்டு 1873இல் காப்புரிமையும் பெற்றார். அவர் கண்டுபிடிப்புகளில் ஆதாயம் தந்தது அதுவே. வரவேண்டிய பணத்தின் கனவுக் கணக்குகளும் அவர் குறிப்பேடுகளில் ஏராளம். வந்த பணத்தையும் போன பணத்தையும் சொல்லும் ஐந்தொகையைத்தான் அவர் பிறரிடம் விட்டுவிட்டார். மீண்டும் அவர் உறங்கிய நேரத்து இடைவெளி!

விற்க விற்கப் பெருகிய கடன்

பின்னர் நேர்ந்தது, நூல் வெளியிடுவோர் யாவரும் கருத்தில் கொள்ளத்தக்கது. போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோவின் வரலாற்றைப் பதிப்பகம் 1887இல் வெளியிட்டது. கத்தோலிக்கர் அனைவரும் வாங்குவர் என்று போட்ட கணக்கு பொய்த்தது. அதனினும் பெரிய சுமை, அமெரிக்க இலக்கியத் தொகுப்பு நூல் வரிசை. அது பதினொரு தொகுதிகள் கொண்டது, நன்றாக விற்றது. நன்றாக விற்றதே கேடாக முடிந்தது.

அது தவணை முறையில் விற்கப்பட்டது. வாங்குவோர் சிறு தொகை கொடுத்துத் தொகுதிகளைப் பெற்றுக்கொண்டு, எஞ்சியதை மாதந்தோறும் செலுத்துவர். பதிப்பகமோ அச்சுக்கும் காகிதத்துக்கும் பைண்டிங்குக்கும் முகவர் கழிவுக்கும் உடனே பணம் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு புதிய விற்பனையும் ஏட்டில் ஆதாயம், பெட்டியில் பற்றாக்குறை. விற்பனை கூடக் கூட வங்கிக் கடன் கூடியது. வரவேண்டிய பணம் வேறு, வந்த பணம் வேறு என்ற எளிய உண்மை அந்நிறுவனத்தை மெல்ல மெல்ல மூழ்கடித்தது. கடைகளில் கடனுக்குப் படிகளைக் கொடுத்துவிட்டு, விற்றுவிட்டது என்று மகிழ்ந்து இரண்டாம் பதிப்புக்குக் கடன் வாங்கும் நம்மவர்க்கும் இது பொருந்தும்.

பதிப்பகத்தில் இருந்திருக்க வேண்டிய பணம் வேறொரு பள்ளத்திலும் விழுந்தது. ஜேம்ஸ் பேஜ் என்பவர் எழுத்துக் கோக்கும் பொறி ஒன்றை உருவாக்கி வந்தார். இளமையில் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் கோத்தவருக்கு அப்பொறி ஒரு மந்திரமாகத் தோன்றியது. ஏறத்தாழ 18,000 உறுப்புகள் கொண்ட அது ஒருநாள் ஓடும், மறுநாள் நிற்கும். ஓட்மார் மெர்கன்தாலரின் லைனோடைப் 1886லேயே நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. இருந்தும் மார்க் ட்வெய்ன் பேஜின் பொறிக்குத் தொடர்ந்து பணம் கொட்டினார். மொத்தம் 1,50,000 டாலருக்கும் மேல். பதிப்பகத்தின் முதலை இப்பொறிக்காக வெளியே எடுத்தவர் அவரே. வீட்டுப் பணம், பதிப்பகப் பணம், பொறிக்கான பணம் என்று மூன்றும் ஒரே ஆற்றில் கலந்தபின் எது எவ்வளவு ஆழம் என்று யார் சொல்ல முடியும்?

துணைவியார் ஒலிவியா தம் பிறந்தகத்துச் செல்வத்தையும் பதிப்பகத்துக்குக் கடனாகக் கொடுத்தார். 1891இல் ஹார்ட்ஃபோர்டு மாளிகையைப் பூட்டிவிட்டுச் செலவு குறைந்த ஐரோப்பாவுக்குக் குடும்பம் பெயர்ந்தது. 1893இல் நாடெங்கும் பொருளாதார நெருக்கடி மூண்டது. வங்கி மேலும் கடன் தர மறுத்தது. 1894 ஏப்ரல் 18 அன்று பதிப்பகம் நொடித்தது. கடன்காரர் ஏறத்தாழ நூறு பேர்.

கடன் தீர்த்த பயணம்

இவ்விடத்தில் அவருக்குக் கிடைத்த துணை, ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் ஹென்றி ரோஜர்ஸ். வணிக உலகில் இரக்கமற்றவர் என்று பெயரெடுத்தவர். எழுத்தாளரிடம் மட்டும் அவர் காட்டிய அன்புக்குக் கைம்மாறு கேட்கவில்லை. முதல் வேலையாகக் கணக்குகள் அனைத்தையும் வாங்கிப் படித்தார். ஒலிவியா கொடுத்திருந்தது கடனாகவே நின்றது. அது ஏறத்தாழ 60,000 டாலர். ஆகவே கடன்காரருள் முதலிடம் அவருக்கு என்று ரோஜர்ஸ் நிலைநாட்டி, நூல்களின் பதிப்புரிமையை அவர் பெயருக்கு மாற்றினார். அன்று ஒன்றுக்கும் உதவாத தாள்கள் என்று பலரும் கருதிய அவ்வுரிமைகளே பின்னாளில் குடும்பத்தைக் காத்தன. மனைவியின் பணந்தானே என்று ஏட்டில் ஏற்றாமல் விட்டிருந்தால், எழுதிய நூல்களும் கைவிட்டுப் போயிருக்கும்.

சட்டப்படி ஒரு பகுதியைச் செலுத்தி விடுபட்டிருக்கலாம். கணவனும் மனைவியும் முழுத்தொகையும் செலுத்துவதென்றே உறுதி பூண்டனர். 1895 ஜூலையில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சொற்பொழிவுப் பயணம் தொடங்கிற்று. துணைவியாரும் மகள் கிளாராவும் உடன் சென்றனர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கடந்து 1896 ஜனவரியில் கொழும்பில் கரையிறங்கினார். அங்கிருந்து பம்பாய், அலகாபாத், காசி, கல்கத்தா, டார்ஜிலிங் என்று இந்தியாவில் இரண்டு திங்களுக்கு மேல் பயணம் செய்தார். இருமலும் கொப்புளங்களும் வாட்டின. மார்ச் இறுதியில் கல்கத்தாவிலிருந்து திரும்பிய கப்பல் சென்னைத் துறைமுகத்திலும் நின்று சென்றது. அன்று கரையில் நின்றவர்களில் எவரும், கடன் அடைக்க உலகைச் சுற்றும் ஓர் எழுத்தாளர் அக்கப்பலில் இருந்ததை அறிந்திருப்பாரோ!

ஈட்டிய பணத்தை ரோஜர்ஸுக்கு அனுப்பினார். அவர் அதைக் காத்துக் கணக்கு வைத்தார். பயணம் முடிந்து இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, 1896 ஆகஸ்ட் 18 அன்று, அமெரிக்காவில் மூத்த மகள் சூசி மூளைக் காய்ச்சலால் இறந்தாள். தந்தை அருகில் இல்லை. கணக்கேட்டில் எழுத முடியாத இழப்பு அது. அத்துயரினிடையே எழுதிய பயணநூல் 1897இல் வந்தது. 1898 தொடக்கத்தில் கடன் முழுதும் தீர்ந்தது. 1900இல் தாயகம் திரும்பியவரை நாடே வரவேற்றது.

மீண்டும் ஒரு கையெழுத்து

கதை இங்கே முடிந்தால் பாடம் கற்றவரின் வரலாறாக நிறைவுறும். மனித இயல்பு அவ்வளவு எளிதன்று. 1904இல் ஒலிவியா மறைந்தபின், வீட்டுக் கணக்கும் வணிகமும் செயலாளர்கள் கைக்குச் சென்றன. 1908இல் தம் சொத்து முழுவதன்மீதும் அதிகாரம் தரும் பத்திரம் ஒன்று அவர் கையொப்பத்தோடு அவர்களுக்கு உரியதாயிற்று. மறு ஆண்டு கிளாரா ஐயுற்றுத் தணிக்கை வேண்டினார். செயலாளர்கள் நீக்கப்பட்டனர். அவர்கள் உண்மையில் குற்றமிழைத்தனரா என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. தாம் எதில் கையொப்பமிட்டோம் என்பதே நினைவில்லை என்று அந்த முதியவர் கூறியதுதான் நம் நெஞ்சைத் தொடுவது. நம்பியவர் மெய்யாகவே நேர்மையாளர் எனினும், அதை மெய்ப்பிக்க அவருக்கும் கணக்கு இல்லாமற் போயிற்று.

1910 ஏப்ரல் 21 அன்று அவர் மறைந்தார். அவர் பிறந்த ஆண்டில் தோன்றிய ஹாலி வால்வெள்ளி அப்போது மீண்டும் வானில் இருந்தது.

நமக்கு

கணக்கு அவர் எழுத்தை வளர்க்கவில்லை, உண்மைதான். ஹக்கிள்பெரி ஃபின்னை எந்தப் பேரேடும் எழுதித் தந்துவிடாது. ஆனால் கணக்கின்மை அவர் எழுத்தைத் தின்றது. கடன் நெருக்கிய ஆண்டுகளில் அவர் விரைந்து விரைந்து எழுதிய நூல்கள் பல. அவற்றுள் முந்தைய உயரத்தை எட்டியவை சிலவே. இழந்தது டாலர் மட்டுமன்று. எழுதாமற் போன பக்கங்களும்தாம்.

நம் வட்டத்துக் கவிஞர்க்குப் பெரும் பதிப்பகம் வேண்டா. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். அச்சகத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு தொகையும் நாளோடு அதில் ஏறவேண்டும். ரசீதும் அதனுள் இருக்கவேண்டும். வந்த படிகள், கொடுத்த படிகள், கொடுத்தது அன்பளிப்பா கடனா விற்பனையா என்பது தனித்தனியே நிற்கவேண்டும். கடைக்குக் கொடுத்ததை, பணம் வரும்வரை வரவாக எழுதலாகாது. வீட்டுப் பணத்தை எடுத்தால் அதையும் கடன் என்றே எழுதவேண்டும். கொடுத்தவர் மனைவியாயினும், அண்ணனாயினும். உரிமை யாருடையது என்பதைச் சொல்லும் தாளைப் படித்தபின்னரே கையொப்பமிட வேண்டும். எழுதுபவர் வேறொருவராயினும், திங்கள் ஒருமுறை ஏட்டைத் திறந்து பார்ப்பவர் நூலாசிரியராகவே இருக்கவேண்டும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், இனி வெளியிடும் ஒவ்வொரு நூலோடும் அந்நூலுக்கென ஓர் ஏட்டையும் தொடங்குமாயின், பதினோராம் ஆண்டில் நம் பரணில் எத்தனை படிகள் உள்ளன என்பதற்கேனும் விடை இருக்கும். அதற்குப்பின் எந்தத் துறையில் ஆழம் உண்டு, எங்கே மணல்திட்டு உண்டு என்று அறிந்து செலுத்துவது அவரவர் கையில்.